துளையிலிருந்து இனப்பெயர் வரை: அம்ப்ரோசியா வண்டுகளை அடையாளம் காணும் வழிமுறை

மரத்தின் தண்டில் குண்டூசியின் தலை நுழையும் அளவுக்கு ஒரு துளையும், அதன் வாயில் வெள்ளை நிற மரத்தூளும் தெரிந்தால், பார்த்தவர் முதலில் கேட்பது அது எந்த வண்டு என்பதைத்தான். துளையின் ஒளிப்படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்பவரை நம்ப வேண்டாம். ஒரே அளவுத் துளையைப் போடும் வண்டுகள் டஜன் கணக்கில் இருக்கின்றன; அவற்றை ஒன்றிலிருந்து மற்றொன்றாகப் பிரிக்கும் அடையாளங்களில் பெரும்பகுதி, ஏறத்தாழ 2 மி.மீ. நீளமுள்ள உடலின் பின்முனையில், உறையிறக்கைகள் (முதுகை மூடும் கடினமான முன் இறக்கைகள்) கீழ்நோக்கி வளையும் அந்தச் சிறிய சரிவில்தான் இருக்கிறது. இந்த வழிகாட்டியின் படிகள் எல்லாம், அந்தச் சரிவைச் சுத்தமாகவும் சரியான வெளிச்சத்திலும் பார்க்கும் நிலைக்கு உங்களைக் கொண்டுசேர்ப்பதற்காகவே.

அம்ப்ரோசியா வண்டுகள் மரத்தைத் தின்பதில்லை. பட்டையைத் துளைத்து, அதற்கு உட்புறமுள்ள வெளிர்நிற மரமான வெளிறுப் பகுதிக்குள் சுரங்கம் தோண்டி, தம்முடன் கொண்டுவந்த பூஞ்சையைச் சுரங்கத்தின் சுவரில் வளர்த்து, அந்தப் பூஞ்சையையே தாமும் உண்டு புழுக்களுக்கும் ஊட்டுகின்றன. இப்படி வாழும் இனங்கள் 3,000-க்கும் மேல் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பட்டுப்போகும் மரத்தையோ வெட்டிக் கிடக்கும் கட்டையையோதான் நாடும். நல்ல மரத்தைக் கொல்லும் பூஞ்சையைச் சுமப்பவை ஒரு சிலவே. சைலெபோரஸ் கிளாப்ரேட்டஸ் என்ற வண்டு 2002-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், துறைமுகத்தை ஒட்டிய பொறி ஒன்றில் முதன்முதலாகச் சிக்கியது. அது கொண்டுவந்த பூஞ்சையால் லாரல் குடும்ப மரங்கள் பெருமளவில் மடிந்தன. அதே குடும்பத்தைச் சேர்ந்த அவகாடோவும் தப்பவில்லை. ஆனால் அதே சைலெபோரஸ் பேரினத்தின் வேறு பல இனங்கள், ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கும் மரத்தில் குடியேறுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டியதன் தேவை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

முதல் படி: இது அம்ப்ரோசியா வண்டுதானா?

பூச்சியைத் தேடுமுன் மரத்தைப் படியுங்கள். பட்டை வண்டுகள் பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலேயே சுரங்கம் அமைப்பதால் அவை தள்ளும் தூள் செம்பழுப்பாக இருக்கும். அம்ப்ரோசியா வண்டு வெளிறைக் குடைவதால் அதன் தூள் வெளிர் நிறத்தில் இருக்கும். பவுடர்போஸ்ட் வகை வண்டுகள் காய்ந்த மரத்தை உண்மையிலேயே தின்பவை; அவற்றின் சுரங்கம் மாவு போன்ற தூளால் அடைந்து கிடக்கும், சுவரில் கறையும் இராது. அம்ப்ரோசியா வண்டின் சுரங்கமோ துடைத்தெடுத்ததுபோல் காலியாக இருக்கும். பூஞ்சையின் கறை படிந்து சுவர் கருத்தோ பழுப்பேறியோ காணப்படும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலே பாதி ஐயம் தீர்ந்துவிடும்.

தூள் வெளிவரும் விதமும் குறிப்புத் தரும். சைலோசாண்ட்ரஸ் பேரினத்தின் சில இனங்கள் தூளை நெருக்கித் தள்ளுவதால் அது பல்குச்சி போல நீண்டு துளையிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் இந்தக் குச்சிகளைப் பல இனங்கள் உண்டாக்குகின்றன. காற்றோ மழையோ பட்டால் உதிர்ந்தும் விடும். எனவே குச்சி இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

கட்டையைப் பிளக்கும்போது சுரங்கத்தின் வடிவத்தை வரைந்து வைப்பது நல்லது. ட்ரிப்போடெண்ட்ரான் பேரினத்தில் ஒவ்வொரு புழுவும் முதன்மைச் சுரங்கத்துக்குச் செங்குத்தான தனித்தனிக் குழியில் வளர்வதால், முழுச் சுரங்கமும் ஏணியைப் போலத் தோன்றும். சைலெபோரைனஸ் சாக்செசெனி இனத்தில் புழுக்கள் எல்லாம் தட்டையான ஒரே அறையில் கூட்டமாக வாழும். அந்த அறையைப் புழுக்களே விரிவாக்கிக்கொள்ளும். சைலோசாண்ட்ரஸ் காம்பேக்டஸ் தடித்த தண்டை விட்டுவிட்டுப் பென்சில் பருமனுள்ள சுள்ளிகளைத் தேடிப்போய் அவற்றின் நடுப்பகுதியில் அறை அமைக்கும். இந்த மூன்று உதாரணங்களிலும் சுரங்கம் நல்ல சாட்சிதான் என்றாலும், தீர்ப்பைச் சொல்ல வேண்டியது வண்டின் உடலே.

இரண்டாம் படி: வண்டைச் சேதமின்றி எடுப்பது

சுரங்கத்தின் போக்கிற்கு இணையாக உளியை வைத்து, சிறுசிறு சில்லுகளாகப் பிளந்துகொண்டே போங்கள். குறுக்கே வெட்டினால் வண்டும் சேர்ந்து வெட்டுப்படும். கம்பியை விட்டுக் குத்தி எடுப்பது இன்னும் மோசம், ஏனெனில் துளையின் வாயை அடைத்தபடி நிற்கும் தாய் வண்டின் பின்முனைதான் முதலில் நசுங்கும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

பிளக்க நேரமில்லை என்றால், கட்டையை இருட்டான மூடிய பெட்டியில் இட்டு, அதன் ஒரு பக்கத்தில் மட்டும் ஒளி புகும் கண்ணாடிப் புட்டியைப் பொருத்தி வைக்கலாம். வெளிவரும் வண்டுகள் ஒளியை நோக்கிப் புட்டிக்குள் வந்துவிடும். வெட்டிய கட்டையின் இரு முனைகளையும் மெழுகால் அடைக்க மறக்கக் கூடாது. மரம் காய்ந்தால் பூஞ்சை சாகும், பூஞ்சை செத்தால் புழுக்கள் பட்டினி கிடந்து மடியும். பூச்சி தாக்கிய கட்டையை ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு எடுத்துச் செல்வதே இந்த வண்டுகள் பரவும் முக்கிய வழிகளில் ஒன்று என்பதால், பெட்டியை மரம் இருக்கும் இடத்திலேயே அமைப்பது பாதுகாப்பானது.

வாடும் மரம் எத்தனாலை வெளியிடுகிறது. அந்த வாசனையைப் பின்பற்றித்தான் பல இனங்கள் மரத்தைக் கண்டுபிடிக்கின்றன. எனவே பக்கவாட்டில் சன்னல் வெட்டிய பிளாஸ்டிக் புட்டியில் எத்தனாலை வைத்துத் தொங்கவிட்டால் போதும், பொறி தயார். பொறியில் விழுந்த வண்டுக்கு ஒரு குறை உண்டு: அது எந்த மரத்தில் வாழ்ந்தது என்பது தெரியாது. எடுத்த வண்டுகளில் சிலவற்றை 70 விழுக்காடு எத்தனாலிலும், டி.என்.ஏ. சோதனைக்காக வேறு சிலவற்றை 95 விழுக்காடு எத்தனாலிலும் குளிர்ச்சியாக வையுங்கள். இரண்டையும் முதல் நாளிலேயே பிரிப்பது நல்லது. பின்னர் பிரித்துக்கொள்ளலாம் என்று விட்ட மாதிரிகள் பெரும்பாலும் எதற்கும் உதவாமல் போகின்றன.

மூன்றாம் படி: முற்றிய பெண் வண்டைத் தேர்ந்தெடுப்பது

சைலெபோரினி என்ற பெருங்குழுவில் அண்ணன் தங்கையே சுரங்கத்துக்குள் கூடும். கருவுறாத முட்டையிலிருந்து ஆணும், கருவுற்ற முட்டையிலிருந்து பெண்ணும் பிறக்கும். ஒரு குடும்பத்தில் ஆண்கள் ஒன்றிரண்டுதான் இருப்பார்கள். அவர்களுக்குப் பறக்கும் திறனும் இல்லை. பெண்ணைவிடச் சிறியதாய், கூன் விழுந்து, வெளிறிப்போய் இருக்கும் ஆணைப் பார்ப்பவர் அது வேறோர் இனம் என்றே நினைப்பார். அடையாள விசைகள் (ஒவ்வோர் அடையாளமாகக் கேட்டுக்கொண்டே போய் இனப்பெயரில் முடியும் கேள்விப் பட்டியல்கள்) பெண்ணை வைத்தே எழுதப்பட்டிருப்பதால், ஆணைக் கொண்டு விசைக்குள் நுழைந்தால் எங்கேயும் போய்ச் சேர முடியாது.

ஏமாற்றும் இரண்டாவது விஷயம் நிறம். கூட்டுப்புழுப் பருவத்திலிருந்து புதிதாக வெளிவந்த பெண் வைக்கோல் நிறத்தில் இருந்து, நாட்கள் செல்லச் செல்லப் பழுப்பாகி, இனத்தைப் பொறுத்துக் கருமை வரை முற்றும். ஒரே கட்டையிலிருந்து எடுத்த வண்டுகளை நான் தொடக்க காலத்தில் மஞ்சள், பழுப்பு, கறுப்பு என மூன்று குப்பிகளில் பிரித்து மூன்று இனங்களாக எழுதி வைத்தேன். ஒரு வாரம் கழித்து எஞ்சியிருந்த கட்டையைத் திறந்தபோது மஞ்சள் வண்டுகளே இல்லை, எல்லாம் கறுத்திருந்தன. அதன் பிறகு, துளையின் வாயில் நிற்கும் தாய் வண்டையே முதல் மாதிரியாக எடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அது முற்றியது என்பதில் ஐயமில்லை.

நான்காம் படி: சுத்தம், ஒட்டுதல், வெளிச்சம்

சுரங்கத்திலிருந்து வந்த வண்டின் மேல் மரத்தூளும் பூஞ்சையும் பசைபோல் ஒட்டியிருக்கும். ஒரு துளி பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் ஊறவிட்டு, மிக மெல்லிய ஓவியத் தூரிகையால் பின்னிருந்து முன்னாக வருடினால் அழுக்கு கழன்றுவிடும். பிறகு வண்டை முக்கோணமாக வெட்டிய அட்டையின் நுனியில், உடலின் வலப்பக்கத்தில் ஒட்டவும். வயிற்றுப் பக்கத்தில் பசை படக் கூடாது. முன்னங்கால்களின் அடிக்கணுக்கள் (கால் உடலோடு சேரும் கணுக்கள்) ஒன்றையொன்று தொடுகின்றனவா, விலகி நிற்கின்றனவா என்பதைப் பேரினத்தைத் தீர்மானிக்கும்போது பார்க்க வேண்டியிருக்கும். அங்கே பசை உறைந்துவிட்டால் அந்த மாதிரியை மறுபடி ஊறவைத்துக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

குறைந்தது 40 மடங்கு பெருக்கும் ஸ்டீரியோ நுண்ணோக்கி தேவை. 60 மடங்கு இருந்தால் வேலை எளிது. பெருக்கத்தைவிட வெளிச்சத்துக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். நேரடி விளக்கு வழுவழுப்பான உடலில் பட்டால் வெள்ளைப் புள்ளிகளாகச் சிதறும். மங்கலான பரப்பும் பளபளப்பான பரப்பும் அந்த ஒளியில் ஒன்றாகவே தெரியும். வண்டைச் சுற்றி டிரேசிங் தாளை உருளையாகச் சுருட்டி வைத்து, அதன் வழியாக ஒளி பரவலாக விழும்படி செய்தால், இல்லாதது போலிருந்த குருணைகளும் மயிர்களும் தென்படத் தொடங்கும்.

ஐந்தாம் படி: துணைக்குடும்பம்

இந்தப் படி விரைவில் முடிந்துவிடும். உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்து, நுனியில் ஒரே திரட்சியான குமிழோடு முடிந்தால் நாம் தேடும் கூட்டம். மடிப்பின்றி, நுனியில் தளர்வான மூன்று கணுக்களாகப் பிரிந்திருந்தால் அது போஸ்ட்ரிக்கிடே குடும்பம், அதை ஒதுக்கிவிடலாம். அடுத்து மேலிருந்து பாருங்கள். தலை முன்மார்புத் தகட்டுக்கு அடியில் மறைந்திருந்தால் ஸ்கோலிட்டினே. தலை தெளிவாக வெளியே நீட்டி, ஏறத்தாழ முன்மார்பின் அகலமே இருந்து, உடல் நீண்ட உருளையாகவும் பாதத்தின் முதல் கணு மற்றக் கணுக்கள் எல்லாவற்றின் கூட்டு நீளத்தையும் மிஞ்சியதாகவும் இருந்தால் பிளாட்டிபோடினே. பிந்தையதில் யூபிளாட்டிபஸ் பேரலெலஸ் போன்ற இனங்களில் ஆணே முதலில் துளை போடும். இனத்தைக் காட்டுவதும் ஆணின் இறக்கை முனையிலுள்ள நீட்சிகளே. ஆகவே மூன்றாம் படியில் சொன்ன விதி இங்கே தலைகீழாகிறது.

ஆறாம் படி: பேரினம்

வண்டு பூஞ்சையைச் சுமக்கும் பைக்கு மைக்காஞ்சியம் என்று பெயர். அந்தப் பை உடலின் எந்த இடத்தில் இருக்கிறது என்பது பேரினத்துக்குப் பேரினம் மாறுகிறது. பையின் வாயில் சில நேரங்களில் மயிர்க்கற்றை வளர்வதால் வெளியிலிருந்தே அதை ஊகிக்க முடிகிறது. வெறும் உருவ அடையாளங்களை மனப்பாடம் செய்வதைவிட இந்தப் பையைப் பின்தொடர்வது நினைவில் நிற்கும்.

முன்மார்புத் தகட்டின் பின் விளிம்பில், சரியாக நடுவில், அடர்ந்த ஒரு மயிர்க்கற்றை இருந்தால் பை நடுமார்பின் மேற்பக்கத்தில் உள்ளது. சைலோசாண்ட்ரஸ், அனிசாண்ட்ரஸ், நெஸ்டஸ் ஆகியவை இந்த வகை. இப்போது வண்டைப் புரட்டி முன்னங்கால்களின் அடிக்கணுக்களைப் பாருங்கள். அவை விலகி நின்றால் சைலோசாண்ட்ரஸ், தொட்டுக்கொண்டால் அனிசாண்ட்ரஸ். நெஸ்டஸ் முட்டிலேட்டஸ் இவ்வளவு சிரமம் வைக்காது: ஏறத்தாழ மூன்றரை மி.மீ. நீளத்தில் தடித்த கறுப்பு வண்டு, உறையிறக்கைகள் பாதியில் வெட்டிவிட்டதுபோல் மொட்டையாக நிற்கும்.

மயிர்க்கற்றை முன்மார்பில் இல்லாமல் உறையிறக்கைகள் தொடங்கும் இடத்தில் இருந்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள ஸ்கூட்டெல்லம் என்ற சிறு தகடு கூம்பாக எழுந்து நின்றால் சைலெபோரைனஸ். எங்குமே கற்றை இல்லாமல், ஸ்கூட்டெல்லம் இறக்கைகளோடு சமதளமாகப் பதிந்திருந்தால் பை தாடைகளின் அருகில் இருக்கிறது என்று பொருள். சைலெபோரஸ், யூவல்லேசியா இரண்டும் இங்கே வரும். சைலெபோரஸ் பொதுவாக ஒல்லி, யூவல்லேசியாவின் பல இனங்கள் பருமன் என்றாலும், ஒல்லி பருமன் என்பது கண்ணை ஏமாற்றும் அளவுகோல். முன்னங்காலின் கணைப்பகுதியும் உணர்கொம்புக் குமிழின் வடிவமும் தெரியும்படி படமெடுத்து, பெயர் உறுதியான மாதிரியின் படத்தோடு ஒப்பிட்ட பிறகே இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஏழாம் படி: சரிவைப் படிப்பது

இப்போது வண்டைப் பின்னாலிருந்து நேராகவும், பிறகு பக்கவாட்டிலும் பாருங்கள். உறையிறக்கைகளில் குழிகள் வரிசையாக ஓடும் பள்ளவரிகளும், அவற்றுக்கு நடுவே மேடான இடைவரிகளும் உள்ளன. இரு இறக்கைகளும் சேரும் நடுக்கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக இடைவரிகளை ஒன்று, இரண்டு, மூன்று என எண்ண வேண்டும். சரிவு செங்குத்தா, மெதுவாக இறங்குகிறதா? பரப்பு பளபளப்பா, மங்கலா? சிறு முட்கள் எந்த இடைவரியில் நிற்கின்றன, எதில் இல்லை? மயிர்கள் வரிசையாக உள்ளனவா, கலைந்துள்ளனவா? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடையை எழுதி முடிக்கும்வரை விசையைத் திறக்காமல் இருப்பது நல்லது. விசையைத் திறந்துவிட்டால், அதில் எழுதியிருப்பதையே கண் பார்க்கத் தொடங்கும்.

ஓர் உண்மையான வரிசையை எடுத்துக்கொள்வோம். செம்பழுப்பு நிறப் பெண் வண்டு, 2.5 மி.மீ. நீளம், குட்டையும் தடிப்புமான உடல். முன்மார்பின் பின்விளிம்பில் மயிர்க்கற்றை, முன் அடிக்கணுக்களுக்கு இடையே இடைவெளி, ஆக சைலோசாண்ட்ரஸ். இறக்கையின் முன்பகுதி பளபளக்கிறது, ஆனால் சரிவு தொடங்கும் இடத்தில் பளபளப்பு சட்டென்று நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே பரப்பு முழுவதும் உப்புத்தாள் போல நுண்குருணைகள் நெருங்கிக் கிடக்கின்றன; பள்ளவரி எது, இடைவரி எது என்று எண்ண முடியாதபடி குழம்பியிருக்கிறது. இந்த மங்கிய, குருணை நிறைந்த சரிவும், 2.1 முதல் 2.9 மி.மீ. வரையிலான அளவும் சைலோசாண்ட்ரஸ் கிராசியஸ்குலஸை நோக்கிக் காட்டுகின்றன. இதே பேரினத்தின் சை. ஜெர்மானஸ் கறுப்பாகவும், ஏறத்தாழ 2 முதல் 2.3 மி.மீ. அளவிலும், சரிவு பளபளப்பாகவும் வரிகள் தெளிவாகவும் இருக்கும். சை. காம்பேக்டஸும் கறுத்து மின்னும், ஆனால் 2 மி.மீ.-ஐ எட்டாது. சரிவில் குருணை கொண்ட இனம் கிராசியஸ்குலஸ் ஒன்றே என்று நினைத்துவிடவும் கூடாது. டெக்லிவிகிரானுலேட்டஸ் என்ற உறவினம் அந்தத் தன்மையைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. அதனால்தான் குறைந்தது ஐந்து பெண்களையாவது அளந்து, முழு வரம்பையும் எழுத வேண்டும்.

எட்டாம் படி: கண்ணால் முடியாத இடம்

யூவல்லேசியா ஃபோர்னிகேட்டஸ் 1868-ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து பெற்ற மாதிரியைக் கொண்டு விவரிக்கப்பட்டது. தேயிலைச் செடியின் கிளைகளில் துளையிடும் பூச்சி என்றும், அவகாடோ முதல் நகர மரங்கள் வரை தாக்கும் பூச்சி என்றும் பின்னாட்களில் இந்தப் பெயர் பல இடங்களில் பயன்பட்டது. டி.என்.ஏ.-வை ஒப்பிட்டபோது ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருந்தது தெரியவந்தது. 2018, 2019 ஆண்டுகளில் வெளிவந்த வகைப்பாட்டு ஆய்வுகள் அவற்றை ஃபோர்னிகேட்டஸ், ஃபோர்னிகேட்டியர், பெர்பிரெவிஸ், குரோஷியோ என நான்காக வரையறுத்தன. நான்கும் கறுத்துத் தடித்தவை, எல்லாமே 2.5 மி.மீ.-ஐ ஒட்டியவை; அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. நுண்ணோக்கியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் ஒரு தனி வண்டை இந்த நான்கில் ஒன்றாக உறுதியாகச் சொல்வது கடினம். பழைய கட்டுரையில் ஃபோர்னிகேட்டஸ் என்று படித்தால், அது இன்றைய எந்த இனம் என்பதையும் உடனே எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த நிலையில் மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.ஐ. மரபணுத் துண்டைப் படிப்பதே வழி. அதிலும் ஓர் எச்சரிக்கை: மற்றப் பூச்சிகளில் இரண்டு, மூன்று விழுக்காடு வேறுபாட்டையே தனி இனத்துக்கான எல்லையாகக் கொள்ளும் பழக்கம் இங்கே பொருந்தாது. தலைமுறை தலைமுறையாக உடன்பிறப்புகளுக்குள்ளேயே இனம் பெருகுவதால் ஒவ்வொரு வழித்தோன்றலும் தனித்தனியே விலகிச் செல்கிறது. ஒரே இனத்துக்குள்ளேயே அதைவிடப் பெரிய வேறுபாடு காணப்படுகிறது. எனவே உட்கருவிலுள்ள இன்னொரு மரபணுவையும் சேர்த்துப் பார்ப்பவரிடம் மாதிரியைக் கொடுங்கள். பொதுத் தரவுத்தளத்தில் நெருங்கிய பொருத்தமாக வரும் பெயரும், அதைப் பதிவேற்றியவர் வண்டை எவ்வளவு சரியாக அடையாளம் கண்டார் என்பதைப் பொறுத்ததே.

ஒன்பதாம் படி: பெயரை எழுதுவது

சீட்டில் இடம், நாள், மரத்தின் பெயர், தண்டா கிளையா சுள்ளியா என்ற விவரம், துளையின் விட்டம், எடுத்தவர், எடுத்த முறை ஆகியவை இருக்க வேண்டும். இவை பென்சிலில் எழுதப்பட்டுக் குப்பிக்குள்ளேயே கிடக்க வேண்டும். வெளியே ஒட்டிய பேனா எழுத்தை எத்தனால் ஒரே கசிவில் அழித்துவிடும். பேரினம் வரை உறுதி, இனம் ஐயம் என்றால் "சைலெபோரஸ், இனம் தெரியவில்லை" என்று எழுதுங்கள். நான்கில் ஒன்று என்றால் "யூவல்லேசியா ஃபோர்னிகேட்டஸ் கூட்டம்" என்று எழுதுங்கள். பெயரை எந்த அடையாளத்தைக் கொண்டு முடிவு செய்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிட்டால், அடுத்து அந்தக் குப்பியைத் திறப்பவர் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.